அம்மா கத்தரிப்பூ நிறப் பலகையைப் பார்த்து நடக்கட்டும்

கேள்வி: அக்காவின் பிரசவத்துக்காக அம்மா (வயது 63) தனியாக டல்லாஸ் போகிறார். லண்டன் ஹீத்ரோவில் 5-ஆம் டெர்மினலில் இறங்கி 3-ஆம் டெர்மினலில் அடுத்த விமானம் ஏற வேண்டும். ஒரே டிக்கெட், நடுவில் 3 மணி நேரம். அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. சமாளித்துவிடுவாரா?
- வாசகர், திருச்சி

பதில்: தாராளமாகச் சமாளிப்பார், பயப்படாதீர்கள். ஆனால் இன்றைக்கே விமான நிறுவனத்துக்கு போன் போட்டு வீல்சேர் கேட்டுவிடுங்கள். பயணத்துக்கு 48 மணி நேரம் முன்பாவது சொல்லியிருக்க வேண்டும், தனிக் கட்டணம் கிடையாது. "நல்லாத்தானே நடக்குறேன், எனக்கெதுக்கு" என்று அம்மா மறுப்பார், விடாதீர்கள். நடக்க முடியாததற்காக அல்ல, கூடவே வழிகாட்ட ஒரு ஆள் இருப்பார் என்பதற்காகத்தான் கேட்கிறோம்.

ஒருவேளை ஆள் வரத் தாமதமானால்? அதற்காக அம்மாவுக்கு ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொடுங்கள். ஹீத்ரோவில் அடுத்த விமானத்துக்குப் போகிறவர்களுக்கான பலகைகள் கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும், அந்த நிறத்தை விடாமல் பின்தொடர்ந்தால் போதும். கூடவே இறங்கிய கூட்டத்தின் பின்னால் போகவே கூடாது, ஏனென்றால் அவர்களில் பலர் லண்டனுக்கே வந்தவர்கள், நேராகக் குடியேற்றச் சோதனைக்குப் போய்விடுவார்கள். என் பெரியம்மா அப்படித்தான் தெரிந்த முகம் ஒன்றை நம்பிப் போய் அந்த வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றார், பாவம், கவுன்ட்டரில் பாஸ்போர்ட்டை நீட்டிய பிறகுதான் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு டெர்மினலுக்கும் இடையே உள்ளேயே இலவச பஸ் ஓடுகிறது, வெளியே வர வேண்டியதில்லை. போய்ச் சேர்ந்ததும் கைப்பையை மறுபடி ஸ்கேன் செய்வார்கள். 3 மணி நேரம் தாராளம்.

அப்புறம் பெட்டி. சென்னையில் பெட்டி போடும்போது கைப்பிடியில் ஒட்டுகிற சீட்டில் டிஎஃப்டபிள்யூ என்று இருக்கிறதா என்று அம்மாவையே கேட்கச் சொல்லுங்கள், அதுதான் டல்லாஸின் குறியீடு. எல்எச்ஆர் மட்டும் இருந்தால் பெட்டி லண்டனிலேயே நின்றுவிடும், உடனே மாற்றச் சொல்ல வேண்டும். இரண்டாவது போர்டிங் பாஸையும் அங்கேயே வாங்கிக்கொள்ளட்டும். கையில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருப்பதால், வெளியே வராமல் விமானம் மாறுவதற்கு இந்தியர்களுக்குத் தனி பிரிட்டன் விசா தேவைப்படுவதில்லை.

முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும், ஒரே டிக்கெட் என்பதால் வேறு விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. ஒரு தாளில் பெரிய எழுத்தில் அம்மா பெயர், இரண்டு விமான எண்கள், "3-ஆம் டெர்மினல் போக வேண்டும், தமிழ் மட்டும் தெரியும்", அக்காவின் போன் நம்பர் எல்லாம் ஆங்கிலத்தில் எழுதி, கீழேயே தமிழிலும் எழுதிப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துவிடுங்கள். யாரிடமாவது வழி கேட்கும்போது அதை நீட்டினால் போதும்.

கைக்கடிகாரத்தையும் மறக்காதீர்கள். இரண்டாவது போர்டிங் பாஸில் போட்டிருப்பது லண்டன் நேரம், நம் நேரத்தைவிடக் கோடையில் 4½ மணி, குளிர்காலத்தில் 5½ மணி பின்னால். விமானம் தரையைத் தொட்டதும் முள்ளைத் திருப்பிவைக்கச் சொல்லுங்கள்.