பதவி உயர்வா, ராஜினாமாவா?

கேள்வி: எனக்கு 38 வயது. பொதுத்துறை வங்கி ஒன்றில் ஸ்கேல் 2 அதிகாரி. இப்போது ஸ்கேல் 3 பதவி உயர்வு வந்திருக்கிறது, ஆனால் போபாலுக்கு மாற்றல். கணவர் பள்ளி ஆசிரியர். மகள் எட்டாம் வகுப்பு. மாமியாருக்குச் சர்க்கரை நோய். "இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன், வேலையையே விட்டுவிடு" என்கிறார் கணவர். ஸ்டேட் பேங்க் தலைவராக இருந்த அருந்ததி பட்டாச்சார்யாவைச் சொன்னால், "அவங்க பெரிய இடம், நீயும் அவங்களும் ஒண்ணா?" என்கிறார். நான் என்ன செய்ய? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தப் 'பெரிய இடம்' பேச்சு. அருந்ததி பிறந்தது கொல்கத்தாவில் என்றாலும், வளர்ந்தது பிலாய், பொகாரோ என்று உருக்காலை ஊர்களில். அப்பா உருக்காலையில் வேலை பார்த்தவர், அம்மா ஹோமியோபதி வைத்தியம் பார்த்தவர். அருந்ததி படித்தது ஆங்கில இலக்கியம். 1977-இல் பி.ஓ. என்னும் வங்கி அதிகாரிப் பணித் தேர்வு எழுதி ஸ்டேட் பேங்கில் சேர்ந்தார். நீங்களும் அதே வாசல் வழியாகத்தான் வங்கிக்குள் வந்திருக்கிறீர்கள்.

அவர் தலைவரான கதை எல்லோருக்கும் தெரியும். 1806-இல் தொடங்கிய வரலாறு கொண்ட ஒரு வங்கிக்கு 2013 அக்டோபரில்தான் முதல் பெண் தலைவர் வந்தார். உங்கள் ஊர்ப் பக்கத்து ஸ்டேட் பேங்க் ஆஃப் டிராவன்கூர், ஸ்டேட் பேங்கோடு இணைந்து அதன் கிளைகளின் போர்டு மாறியதும் அவர் காலத்தில்தான், 2017 ஏப்ரலில். ஓய்வுக்குப் பிறகு 2020-இல் சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தின் இந்தியப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார், 2025-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இதெல்லாம் சரி, உங்களுக்கு வேண்டியது இவற்றுக்கு முந்தைய ஒரு கட்டம்.

2006 வாக்கில் அவருக்கு லக்னோவுக்கு மாற்றல். கணவர் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர். மகளுக்கு லக்னோவில் நல்ல பள்ளி கிடைக்கவில்லை. வேலையை விட்டுவிடலாம் என்ற முடிவுக்கே வந்துவிட்டார். வழிகாட்டியாக இருந்த மூத்தவர் ஒருவர்தான் அவரைத் தடுத்தார். அருந்ததி தலைவரானது அதற்குப் பிறகு ஏழு வருடம் கழித்து. அன்றைக்கு ராஜினாமா கடிதம் கொடுத்திருந்தால் அவர் பெயரை இன்று நாம் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். எனக்கு இந்த இடம்தான் அவருடைய வாழ்க்கையிலேயே முக்கியமாகப் படுகிறது. வேலையில் அவருக்குத் திறமை குறையவில்லை. பள்ளிக்கூட அட்மிஷன் ஒன்றுதான் அவரை வெளியே தள்ளப் பார்த்தது. எத்தனையோ கெட்டிக்காரப் பெண்கள் இந்த இடத்தில்தான் காணாமல் போகிறார்கள், நினைத்தால் வயிறு எரிகிறது.

இதை அவர் மறக்கவில்லை என்பதும் முக்கியம். குழந்தை வளர்ப்புக்கோ வீட்டுப் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளவோ பெண் ஊழியர்கள் இரண்டு வருடம் வரை விடுப்பு எடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பலாம் என்ற ஏற்பாடு ஸ்டேட் பேங்கில் வந்ததற்கு அவர் முக்கியக் காரணம்.

இனி உங்கள் விஷயம். பதவி உயர்வை மறுப்பதும் வேலையை விடுவதும் ஒன்றல்ல. உங்கள் வீட்டில் இரண்டையும் குழப்பிக்கொண்டு பேசுகிறார்கள். மறுத்தால் சில வருடங்கள் பின்தங்குவீர்கள், அவ்வளவுதான். எத்தனை வருடம் என்பது உங்கள் வங்கியின் பதவி உயர்வுக் கொள்கையில் இருக்கும், படித்துப் பாருங்கள். ராஜினாமா அப்படியில்லை. பி.ஓ. தேர்வுக்கான வயது வரம்பை நீங்கள் எப்போதோ தாண்டிவிட்டீர்கள், வந்த வழியாகத் திரும்ப நுழைய முடியாது. அதனால் அந்தப் பேச்சையே வீட்டில் நிறுத்துங்கள்.

மறுப்பதற்கு முன் கேட்டுப் பாருங்கள். திருமணமான பெண் ஊழியர் கேட்டால், முடிந்தவரை கணவர் இருக்கும் ஊரிலோ அதன் அருகிலோ பணியிடம் தர வேண்டும் என்று மத்திய அரசின் நிதிச் சேவைகள் துறை 2014-லேயே பொதுத்துறை வங்கிகளுக்கு எழுதியிருக்கிறது. 2024 நவம்பரிலும் பெண்களை அருகிலுள்ள இடங்களுக்கே மாற்றும்படி ஆலோசனை சொல்லியிருக்கிறது. அது கட்டாய உரிமை அல்ல, ஆனால் எழுத்துப்பூர்வமாகக் கொடுத்தால் பேச ஒரு பிடி கிடைக்கும். மாமியாரின் மருத்துவச் சான்று, மகளின் பள்ளிச் சான்று, கணவரின் பணிச் சான்று மூன்றையும் இணைத்து எச்.ஆர். பிரிவுக்குக் கொடுங்கள், ஒரு நகல் உங்கள் சங்கத்துக்கும் கொடுங்கள். தமிழ்நாட்டில் கிடைக்காவிட்டால் கேரளம், கர்நாடகம் என்று இரண்டாவது விருப்பமும் எழுதுங்கள்.

அப்படியும் போபால்தான் என்றால், என் எண்ணம் போகலாம் என்பதே. மகளைப் பள்ளி மாற்ற வேண்டாம், அவள் அப்பாவிடம் இருக்கட்டும். ஊரார் பிள்ளைகளை வகுப்பில் பார்த்துக்கொள்ளும் மனிதருக்குச் சொந்த மகளைச் சில காலம் பார்த்துக்கொள்ளத் தெரியாதா? அவர் மாலையில் வீட்டில் இருப்பவர், உங்களுக்கு இருக்கும் பெரிய வசதியே அதுதான். சமையலுக்கும் மாமியாரின் மருந்து, ஊசிக்கும் ஓர் ஆளை வையுங்கள். சம்பள உயர்வில் ஒரு பகுதி அதற்குப் போனாலும் பரவாயில்லை. மகள் பத்தாம் வகுப்பு வரும் வருடத்துக்கு முன்பே திரும்ப மாற்றல் கேட்டு விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.

இதையெல்லாம் கணவரிடம் சண்டை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டிப் பேசுங்கள். மகளையும் உடன் உட்கார வையுங்கள், அவளுக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். எச்.ஆர். பதில் வந்ததும் எனக்கு எழுதுங்கள்.