விளக்கை அணைக்கும் நேரம்: குழந்தைத் தூக்கம் பற்றிய கேள்வி-பதில்

கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்ததும் எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் தூக்கத்தைப் பற்றியவையாக இருப்பது வழக்கம், இம்முறையும் அப்படியே. கடிதம் எழுதுபவர்கள் குழந்தையின் வயதை, இரண்டு வயது நிறையும் வரை மாதக் கணக்கில், தவறாமல் குறிப்பிட வேண்டும் என்று மீண்டும் ஒரு முறை கேட்டுக்கொள்கிறேன். வயது தெரியாமல் சொல்லும் பதிலால் யாருக்கும் பயனில்லை.

கேள்வி: என் கணவர் பனியன் கம்பெனியிலிருந்து வீடு திரும்ப இரவு ஒன்பதரை ஆகிவிடும். இரண்டரை வயது மகள் அவர் வந்த பிறகு விளையாடத் தொடங்கிப் பதினொன்றரைக்குத் தூங்கி, காலை ஒன்பது மணிக்கு எழுகிறாள். மதியம் ஒன்றரை மணி நேரம் தூங்குவாள். எட்டரைக்குப் படுக்க வைத்தால் ஒரு மணி நேரம் அழுகிறாள். (திருப்பூர்)

பதில்: உங்கள் மகள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 11 மணி நேரம் தூங்குகிறாள். இந்த வயதுக்கு 11 முதல் 14 மணி நேரம் தேவை என்பதால் தூக்கத்தின் அளவு பெரிதாகக் குறைந்துவிடவில்லை; அது இரவில் பின்னால் தள்ளிப்போய் நிற்கிறது. எட்டரை மணிக்கு அவளுக்குத் தூக்கமே வருவதில்லை, அதனால்தான் அழுகிறாள். படுக்கும் நேரத்தைப் பிடித்து இழுப்பதை விட்டுவிட்டு, எழும் நேரத்திலிருந்து தொடங்குங்கள். மூன்று நாட்களுக்கு ஒரு முறை கால் மணி நேரம் முன்னதாக எழுப்பி, உடனே வாசலுக்கோ மொட்டை மாடிக்கோ அழைத்துச் சென்று வெளிச்சத்தில் இருக்கச் செய்யுங்கள். மதியத் தூக்கம் மூன்று மணிக்குள் முடிந்துவிட வேண்டும். எழும் நேரம் ஏழரைக்கு வந்து சேர மூன்று வாரம் ஆகும். அதன் பின்னாலேயே படுக்கும் நேரமும் தானாக முன்னே வரும்.

இரவுக்கு ஒரு வரிசை வையுங்கள். சாப்பாடு, வெதுவெதுப்பான நீரில் உடம்பு கழுவுதல், இரவு உடை, பல் துலக்குதல், ஒரு கதை, விளக்கணைத்துத் தாலாட்டு என எதை வைத்துக்கொண்டாலும் சரி, தினமும் அதே வரிசையாக இருக்க வேண்டும்; உடம்பு கழுவியதிலிருந்து விளக்கணைக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகக் கூடாது. அமெரிக்காவில் 405 தாய்மார்களையும் அவர்களுடைய சிறு குழந்தைகளையும் வைத்து நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய எளிய வரிசையைக் கடைப்பிடித்த வீடுகளில் குழந்தைகள் விரைவில் தூங்கியதோடு இரவில் விழிப்பதும் குறைந்தது. தாய்மார்களின் மனச்சோர்வும் தணிந்தது.

உங்கள் கணவருக்குக் காலை நேரத்தை முழுதாகக் கொடுத்துவிடுங்கள். மகளை எழுப்புவதும் குளிப்பாட்டுவதும் இட்லி ஊட்டுவதும் அவர் பொறுப்பாகட்டும். இரவு ஒன்பதரைக்கு மகளைத் தூக்கிப் போட்டு விளையாடும் தந்தையின் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த அரை மணி நேரம் குழந்தையின் உறக்கத்தை இரண்டு மணி நேரம் தள்ளிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமையிலும் எழும் நேரம் மாறக் கூடாது.

கேள்வி: குழந்தை இரவில் தூங்குவதே இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: வயது இல்லை, எப்போது எழுகிறது என்ற விவரம் இல்லை, பால் எப்படிக் கொடுக்கிறீர்கள் என்பதும் இல்லை. ஆறு வாரக் குழந்தையானால் அதற்கு இரவு பகல் வேறுபாடே இன்னும் பிடிபட்டிருக்காது. உடலின் இரவுக் கடிகாரம் அமையவே இரண்டு, மூன்று மாதம் ஆகும், அதுவரை கேட்கும்போதெல்லாம் பால் கொடுங்கள். ஒன்பது மாதமானால் தாயைப் பிரியும் அச்சம் உச்சத்தில் இருக்கும் காலம் அது. மூன்று வயதானால் வீட்டின் பழக்கங்களைப் பார்க்க வேண்டும். மூன்றுக்கும் மூன்று விதமான பதில்கள். விவரத்தோடு மீண்டும் எழுதுங்கள்.

கேள்வி: ஏழு மாத மகன் தூளியில் ஆட்டினால் மட்டுமே தூங்குகிறான். ஆட்டுவதை நிறுத்தினால் விழித்துவிடுகிறான். (கரூர்)

பதில்: தூளியில் வளர்ந்த தலைமுறைகளின் பிள்ளைகள் நாம், அதைப் பழிப்பது என் நோக்கமில்லை. ஆனாலும் தூளியைப் பற்றி இரண்டு விஷயங்களைப் பார்க்கும் இடமெல்லாம் சொல்லிவருகிறேன். கழுத்து நிற்காத சிசுவுக்குச் சேலையின் குழிவில் முகவாய் மார்பில் படிந்து மூச்சு தடைப்படலாம். புரளவும் எழுந்து உட்காரவும் பழகிய குழந்தை தூளியிலிருந்து தலைகீழாக விழலாம், சேலை மடிப்பில் கழுத்து சிக்கவும் கூடும். உங்கள் மகன் இரண்டாவது கட்டத்துக்கு வந்துவிட்டான் என்பதால் மாற்றத்தை இந்த வாரமே தொடங்குங்கள். யார் கண்ணும் படாத அறையில் அவனைத் தூளியில் விட்டுவிட்டு அடுப்படிக்குப் போக வேண்டாம். அண்ணன் அக்காமார் ஆட்டுவதும் வேண்டாம்.

மாற்றத்தைப் பகல் தூக்கத்தில் தொடங்குவது எளிது. தூளியில் ஆட்டி, கண் செருகும்போதே, முழுதாகத் தூங்குமுன், பாயில் மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்து அதே பாட்டைத் தொடருங்கள். சிசுக்களின் தூக்கச் சுற்று சுமார் 50, 60 நிமிடம்தான். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் லேசாக விழிப்பார்கள். தூங்கத் தொடங்கியபோது இருந்த ஆட்டம் விழிக்கும்போது இல்லையென்றால் அதைத் தேடி அழுவார்கள். பாயில் தூங்கத் தொடங்கிய குழந்தை பாயில் விழித்தால், சிணுங்கிவிட்டு மறுபடி தூங்கிவிடும். பத்து நாள் சிரமப்படுவீர்கள். பாட்டு மாறக் கூடாது, இடம் மாறக் கூடாது.

கேள்வி: மாதம் ஒரு முறை சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு இரவுப் பேருந்தில் செல்கிறோம். பதினோரு மாத மகன் வழியெல்லாம் அழுவதால், மெடிக்கலில் கேட்டுச் சளி சிரப் அரை மூடி கொடுக்கிறோம், நன்றாகத் தூங்குகிறான். வீட்டில் தூங்க அடம்பிடிக்கும் இரவுகளிலும் கொடுக்கலாமா?

பதில்: வீட்டில் கொடுக்கக் கூடாது, பேருந்திலும் கொடுக்கக் கூடாது. கையில் மீதியிருக்கும் சிரப்பை இன்றே அப்புறப்படுத்துங்கள்.

இந்தக் கேள்வி வெவ்வேறு ஊர்களிலிருந்து மாதம் தவறாமல் வருகிறது. ஒவ்வொரு முறையும் எனக்கு வருத்தத்தோடு கோபமும் வருகிறது. சளி சிரப்பில் உள்ள குளோர்பெனிரமின் போன்ற மருந்துகள் தருவது மயக்கம். அது அந்த மருந்தின் பக்க விளைவு. இயல்பான உறக்கத்தில் குழந்தையின் மூளை செய்யும் வேலைகளும் மருந்து மயக்கமும் ஒன்றல்ல. இவ்வகையைச் சேர்ந்த புரோமெதசின் மூச்சை ஒடுக்கிவிடக்கூடும் என்பதால், இரண்டு வயதுக்கு உட்பட்டோருக்கு அதைக் கொடுக்கவே கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-லேயே எச்சரித்தது. குளோர்பெனிரமினும், மூக்கடைப்புக்கான பினைல்எப்ரினும் சேர்ந்த கலவை மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்டோருக்குத் தரக் கூடாது என்று புட்டியிலேயே அச்சிடும்படி 2023 டிசம்பரில் நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாராவில், டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சு கலந்த இருமல் மருந்தைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அப்போது மத்திய அரசு, இரண்டு வயதுக்குக் கீழ் இருமல், சளி மருந்துகளை எழுதவே வேண்டாம், ஐந்து வயதுக்குக் கீழும் பொதுவாக வேண்டாம் என்று அறிவுறுத்தியது. இவ்வளவுக்குப் பிறகும் மருந்துச் சீட்டு இல்லாமல் கேட்கிறார்கள், எடுத்துக் கொடுக்கிறார்கள்.

அளவிலும் ஆபத்து இருக்கிறது. ஒரே பெயரில் சொட்டு மருந்தும் வரும், சிரப்பும் வரும். இரண்டின் செறிவும் வேறு. 'அரை மூடி' என்பது ஓர் அளவே இல்லை. ஐந்து மில்லி மூடியும் உண்டு, பத்து மில்லி மூடியும் உண்டு.

பல ஆண்டுகளுக்கு முன் நான் இரவுப் பணியில் இருந்தபோது, பத்து மாதப் பெண் குழந்தையைப் பேருந்து நிலையத்திலிருந்து நேராகத் தூக்கிவந்தார்கள். தலை பின்பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளங்காலைச் சுண்டியபோது இமை மட்டும் சற்று அசைந்தது. முகவாய் மடிப்பில் சிவப்பு சிரப் காய்ந்து ஒட்டியிருந்தது. தாய் ஏறும்போது ஒரு மூடி கொடுத்திருக்கிறார். அது தெரியாத பாட்டி, நள்ளிரவில் குழந்தை சிணுங்கியதும் தன் பையிலிருந்த வேறு புட்டியிலிருந்து இன்னொரு மூடி கொடுத்திருக்கிறார். விடியும் வரை அந்தக் குழந்தையின் மூச்சை எண்ணிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மறுநாள் மாலைதான் அது கண்ணை முழுதாகத் திறந்து தாயைத் தேடியது. இருவருமே அன்போடு கொடுத்ததுதான்.

பயணத்தில் செய்யக்கூடியது இதுதான்: வீட்டில் செய்யும் இரவு வரிசையைப் பேருந்து ஏறுமுன் செய்து முடியுங்கள். உடம்பு துடைத்து, இரவு உடை மாட்டி, வழக்கமான போர்வைத் துணியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இருக்கையில் அமர்ந்ததும் தாய்ப்பால் கொடுத்து அதே தாலாட்டை மெல்லப் பாடுங்கள். முடியுமானால் ரயிலுக்கு மாறுங்கள். கீழ்ப் படுக்கை கிடைத்தால் பாதிச் சிரமம் தீரும். அதன் பிறகும் குழந்தை அழுதால் அழட்டும். உடன் பயணிப்பவர்கள் முகம் சுளிப்பார்கள் என்பதற்காகக் குழந்தைக்கு மருந்து கொடுக்கக் கூடாது.

கேள்வி: மூன்று மாதக் குழந்தை இரவில் அசந்து தூங்க ஜாதிக்காயை உரைத்துக் கொடுக்கச் சொல்கிறார் மாமியார்.

பதில்: முந்தைய பதிலே இதற்கும். ஜாதிக்காய் மிகுந்தால் மயக்கமும் வலிப்பும் வரலாம். உரைகல்லில் எத்தனை சுற்று என்பதை யாரும் அளந்து தருவதில்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். தண்ணீர், கிரைப் வாட்டர், தேன், உரைமருந்து எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயது வரை கூடாது.

கேள்வி: பதினான்கு மாத மகள் பால் புட்டியை வாயில் வைத்துக்கொண்டே தூங்குகிறாள். புட்டியை எடுத்தால் எழுந்துவிடுகிறாள்.

பதில்: மேல் முன்பற்கள் நான்கும் சொத்தையாகுமுன் நிறுத்துங்கள். பாலை வரிசையின் தொடக்கத்துக்கு நகர்த்தி டம்ளரில் கொடுத்து, பல்லைத் துலக்கிவிட்டுப் பிறகு படுக்க வையுங்கள். இந்த வயதில் நன்றாகச் சாப்பிடும் குழந்தைக்கு இரவுப் பால் தேவையில்லை. இரவும் பகலும் பாலிலேயே வயிற்றை நிரப்பும் குழந்தைகளுக்கு இரும்புச்சத்து குறையும்; அந்தக் குறைவே தூக்கத்தில் புரண்டு புரண்டு அரற்ற வைக்கும். தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பதை 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு காட்டியது. ஒரு முறை இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

கேள்வி: செல்பேசியில் பாட்டு ஓடினால்தான் இரண்டு வயது மகன் தூங்குகிறான். தாலாட்டுதானே, தவறா?

பதில்: பாட்டில் தவறில்லை, திரையில்தான். திரையின் வெளிச்சம் உறக்கத்துக்கான மெலடோனின் என்னும் ஹார்மோன் சுரப்பதைத் தள்ளிப்போடும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே எல்லாத் திரைகளையும் அணைத்துவிடும்படி இந்தியக் குழந்தை மருத்துவக் கழகமும் சொல்கிறது. உங்கள் குரலில் பாடுங்கள். சுருதி சேராவிட்டாலும் குழந்தைக்கு அந்தக் குரல்தான் வேண்டும். கூடத்தில் பத்து மணி வரை நெடுந்தொடர் ஓடும் வீடுகளில், குழந்தை தூங்கும் வரையாவது தொலைக்காட்சியை அணையுங்கள்.

கேள்வி: நாங்கள் டொரன்டோவில் வசிக்கிறோம். நான்கு மாதக் குழந்தையைத் தனி அறையில் படுக்க வைக்கலாமா, எங்களோடு கட்டிலிலா என்று எங்களுக்குள் வாக்குவாதம்.

பதில்: இரண்டும் வேண்டாம். ஆறு மாதம் வரையாவது உங்கள் அறையிலேயே, தனித் தொட்டிலில், சரிவில்லாத உறுதியான மெத்தையில், மல்லாக்கப் படுக்க வையுங்கள். தலையணை, கனத்த போர்வை, பொம்மை எதுவும் தொட்டிலில் இருக்கக் கூடாது. குளிருக்குப் போர்வையை விடக் குழந்தைக்கான தூக்க உடை பாதுகாப்பானது. அமெரிக்காவில் 1994-இல் மல்லாக்கப் படுக்க வைக்கும் இயக்கம் தொடங்கிய பின், சிசுக்கள் தூக்கத்தில் திடீரென இறப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஊரில் தரையில் பாய் விரித்துத் தாயருகே படுக்க வைக்கும் வீடுகளுக்கும் ஒரு சொல்: புகைபிடிப்பவரும் மது அருந்தியவரும் அந்தப் பாயில் படுக்கக் கூடாது, இலவம் பஞ்சுத் தலையணை குழந்தையின் பக்கத்தில் வேண்டாம். சோபாவில் குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு கண் அயர்வது எங்குமே கூடாது.

கேள்வி: நான்கு வயது மகன் தூங்கிய ஒன்றரை மணி நேரத்தில் அலறி எழுந்து உட்காருகிறான். எங்களை அடையாளம் தெரிவதில்லை. காலையில் எதுவும் நினைவில்லை. மந்திரித்துக் கயிறு கட்டியும் நிற்கவில்லை. (தஞ்சாவூர்)

பதில்: இது இரவு அலறல். ஆழ்ந்த உறக்கத்திலிருந்து பாதி மட்டும் விழித்த நிலை. பார்ப்பவருக்குத்தான் அச்சம், குழந்தைக்கு எதுவும் தெரிவதில்லை. உலுக்கி எழுப்பாதீர்கள், முகத்தில் தண்ணீர் தெளிக்காதீர்கள். விழுந்துவிடாமல் பக்கத்தில் இருந்தால் சில நிமிடங்களில் தானே படுத்துவிடுவான். தூக்கம் குறைந்த நாட்களிலும் காய்ச்சலிலும் இது கூடும் என்பதால், அரை மணி நேரம் முன்னதாகப் படுக்க வைத்துப் பாருங்கள். கை கால் வெட்டினாலோ, வாய் கோணினாலோ, ஒரே இரவில் பல முறை வந்தாலோ அதைச் செல்பேசியில் படம் பிடித்துக்கொண்டு குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஐந்து வயது மகள் தினமும் குறட்டை விடுகிறாள். களைப்பினாலா?

பதில்: தினமும் விடும் குறட்டைக்குக் களைப்பைக் காரணம் சொல்லாதீர்கள். மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு என்னும் சதை வீங்கியிருக்கலாம். வாயைத் திறந்து தூங்குகிறாளா, நடுவில் மூச்சு நின்று விக்கித் தொடர்கிறதா என்று ஓர் இரவு பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு, இந்த வாரமே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்லுங்கள்.