பென்டிரைவுக்கு டிரைவர் தேடி அலையாதீர்கள்

கேள்வி: அழகியமண்டபம் பக்கம் சிறிய அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணக் கார்டு, கோயில் கொடை நோட்டீஸ், சபை அசன நோட்டீஸ் எல்லாம் இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில்தான். பழைய கம்ப்யூட்டர் போய்விட்டதால் விண்டோஸ் 11 உள்ள புதியதை வாங்கி, அதற்குள் விர்ச்சுவல்பாக்ஸ் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை, அதாவது விர்ச்சுவல் மெஷினை, உருவாக்கும் மென்பொருள்) போட்டுப் பழைய விண்டோஸ் எக்ஸ்பியை ஓட்டுகிறேன். வாடிக்கையாளர் கொண்டுவரும் பென்டிரைவ் விண்டோஸ் 11இல் திறக்கிறது, எக்ஸ்பிக்குள் வருவதில்லை. வேறு விதமாக அமைத்துப் பார்த்தபோது ஒன்றிரண்டு வந்தன. அவையும் ஃபார்மட் செய்யவா என்று கேட்டன. தமிழ் எழுத்துரு மென்பொருளின் யூஎஸ்பி லாக் (உரிமம் உண்டு என்று காட்டச் செருகி வைக்கும் சாவி) ஒரு நாள் வேலை செய்தால் மறுநாள் இல்லை. ஒருவர் வந்து ஏதோ டிரைவர் சாஃப்ட்வேர் போட்டு 1,800 ரூபாய் வாங்கிப் போனார், பலனில்லை. மார்த்தாண்டத்தில் இன்னொருவர் மதர்போர்டை மாற்ற வேண்டும் என்கிறார். எந்த டிரைவர் வாங்க வேண்டும்?

பதில்: எதையும் வாங்க வேண்டாம். மதர்போர்டையும் மாற்ற வேண்டாம். பென்டிரைவ் விண்டோஸ் 11இல் திறக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். போர்டில் கோளாறு என்றால் அங்கே எப்படித் திறக்கும்? இந்த ஒரு கேள்வியை அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

பென்டிரைவுக்கென்று தனி டிரைவர் கிடையாது. எக்ஸ்பியிலேயே அது உள்ளது. உங்கள் எக்ஸ்பியில் ஓடாமல் நிற்பது, பென்டிரைவ் போய்ச் செருகிக்கொள்ளும் கன்ட்ரோலர். விர்ச்சுவல் மெஷினுக்கு நிஜமான யூஎஸ்பி துளை இல்லை. விர்ச்சுவல்பாக்ஸ் ஒரு போலித் துளையைக் காட்டுகிறது. அதை 1.1, 2.0, 3.0 என்று மூன்று விதமாகக் காட்டலாம். புதியதுதானே நல்லது என்று யாரோ 3.0ஐத் தேர்ந்திருப்பார்கள். எக்ஸ்பி வந்த 2001இல் யூஎஸ்பி 3.0 என்று ஒன்று பிறக்கவே இல்லை. அதற்கான டிரைவரை மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பிக்குத் தரவும் இல்லை. அதனால் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியோடு 'யுனிவர்சல் சீரியல் பஸ் கன்ட்ரோலர்' என்று ஒரு வரி நிற்கும். அந்த மஞ்சள் குறியைப் பார்த்ததும் 'டிரைவர் இல்லை, நான் போட்டுத் தருகிறேன்' என்று ஒருவர் கிளம்பிவிடுகிறார். இல்லாத டிரைவரை எவர் போட முடியும்? போடுவது எல்லாம் டிரைவர் அப்டேட்டர் என்ற பெயரில் வரும் விளம்பரக் குப்பை.

சரிசெய்வது பத்து நிமிட வேலை. முதலில் எக்ஸ்பியை முழுதாக ஷட் டவுன் செய்யுங்கள். ஜன்னலின் பெருக்கல் குறியை அழுத்தி, 'சேவ் தி மெஷின் ஸ்டேட்' என்று மூடினால் அது உறக்கம், ஷட் டவுன் ஆகாது. அந்த நிலையில் செட்டிங்ஸ் பெரும்பாலும் மங்கலாகவே இருக்கும், மாற்ற விடாது. பலர் இங்கேதான் 'ஆப்ஷனே வரவில்லை' என்று கைவிடுகிறார்கள். விர்ச்சுவல்பாக்ஸ் பட்டியலில் உங்கள் எக்ஸ்பியின் கீழே 'பவர்டு ஆஃப்' என்று இருக்க வேண்டும்.

பிறகு செட்டிங்ஸ், யூஎஸ்பி. 'எனேபிள் யூஎஸ்பி கன்ட்ரோலர்' டிக் இருக்கட்டும். கீழே 2.0ஐத் தேர்ந்தெடுங்கள். அந்த வரியில் ஓஹெச்சிஐ, இஹெச்சிஐ என்று இரண்டு பெயர்கள் இருக்கும். எக்ஸ்பியைத் திறந்தால் புதிய வன்பொருள் கிடைத்ததாக ஒரு விஸார்டு வரும். இணையத்தில் தேடவா என்றால் வேண்டாம் என்று சொல்லி, தானாக நிறுவவிடுங்கள். டிவைஸ் மேனேஜரில் 'என்ஹான்ஸ்டு' என்ற சொல் உள்ள ஒரு கன்ட்ரோலர் மஞ்சள் குறி இல்லாமல் வந்தால் முடிந்தது. வராவிட்டால் மை கம்ப்யூட்டரில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் சர்வீஸ் பேக் 3 (மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பிக்குத் தந்த திருத்தத் தொகுப்பு) என்று இருக்கிறதா பாருங்கள். சர்வீஸ் பேக் எதுவும் இல்லாத ஆதிகால எக்ஸ்பிக்கு 2.0வும் தெரியாது.

விர்ச்சுவல்பாக்ஸ் 7.0க்கு முன்புவரை 2.0, 3.0 இரண்டுக்கும் எக்ஸ்டென்ஷன் பேக் என்ற தனிப் பொதி தேவைப்பட்டது. 2022இல் வந்த 7.0இலிருந்து இவை அடிப்படை மென்பொருளிலேயே உண்டு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தப் பொதியைப் போட்டுத்தர இன்றும் காசு கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அது வீட்டு உபயோகத்துக்கும் படிப்புக்கும்தான் இலவசம், அச்சகம் வணிகம். உங்களுக்கு அது தேவையே இல்லாதபோது உரிமச் சிக்கலை விலை கொடுத்து வாங்குவானேன்?

இனி, பென்டிரைவைச் செருகியதும் தானாக எக்ஸ்பிக்குள் போகாது. எக்ஸ்பி ஜன்னலின் மேலே டிவைசஸ் மெனுவில் யூஎஸ்பி பட்டியலைத் திறந்து அதன் பெயரைச் சொடுக்க வேண்டும். சொடுக்கியதும் வெளியே 'டொங்' என்று கழற்றும் ஒலி கேட்கும், விண்டோஸ் 11இலிருந்து அந்தப் பென்டிரைவ் மறையும், சில நொடிகளில் எக்ஸ்பியில் தோன்றும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான். வெளியே எக்ஸ்புளோரரில் அது திறந்து கிடந்தாலோ, ஆன்டிவைரஸ் அதைத் துருவிக்கொண்டிருந்தாலோ 'பிஸி' என்று பிழைச் செய்தி வரும். மூடிவிட்டு, கழற்றிச் செருகி மறுபடி சொடுக்குங்கள். செய்தி 'நோ யூஎஸ்பி போர்ட்ஸ்' என்று முடிந்தால், பென்டிரைவ் 3.0 வேகத்தில் நிற்கிறது என்று பொருள். கம்ப்யூட்டரின் பின்பக்கம் கறுப்பு நிறத் துளையில் மாற்றிச் செருகுங்கள். நீல நிறத் துளை பெரும்பாலும் 3.0.

எல்லாம் சரியாகி, மை கம்ப்யூட்டரில் பென்டிரைவின் டிரைவ் எழுத்து மட்டும் வரவில்லை என்றால் எக்ஸ்பியின் ஒரு பழைய நோய் இருக்கிறது. நெட்வொர்க் ஃபோல்டர் ஒன்றுக்கு ஈ அல்லது எஃப் என்று எழுத்து கொடுத்து வைத்திருந்தால், பென்டிரைவுக்கும் அதே எழுத்தைக் கொடுத்துவிட்டு, அதை மறைத்துவிடும். டிஸ்க் மேனேஜ்மென்டில் போய்ப் பார்த்தால் பென்டிரைவ் அங்கே சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். ரைட் கிளிக் செய்து வேறு எழுத்து கொடுங்கள்.

அடுத்து அந்த ஃபார்மட் கேள்வி. இதற்கு 'நோ'தான் பதில், எப்போதும். வாடிக்கையாளரின் மகள் கல்யாண ஃபோட்டோ அத்தனையும் அதில்தான் இருக்கும். அந்தப் பென்டிரைவில் பழுது ஒன்றுமில்லை. 64 ஜிபி, அதற்கு மேல் உள்ளவை பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற, கோப்புகளை அடுக்கி வைக்கும் முறையில் வருகின்றன. எக்ஸ்பிக்கு அந்த முறை தெரியாது, தெரியாததை எல்லாம் காலி என்று நினைக்கும். கேபி 955704 என்ற அப்டேட்டைப் போட்டால் படிக்கும். ஆனால் எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. கண்ட தளங்களில் அந்த அப்டேட்டைத் தேடி இறக்கிப் போடுவதைவிடக் கீழே சொல்லும் வழி மேல்.

ஊரார் பென்டிரைவை எக்ஸ்பிக்குள் விடவே விடாதீர்கள். இதுதான் என் முதல் ஆலோசனையாக இருந்திருக்க வேண்டும். கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று பின்னால் வைத்தேன். பத்து அச்சகம், ஐந்து ஜெராக்ஸ் கடை சுற்றி வரும் பென்டிரைவில் ஷார்ட்கட் வைரஸ் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். விண்டோஸ் 11 பெரும்பாலும் அதைப் பிடித்துவிடும். எக்ஸ்பிக்குப் பிடிக்கத் தெரியாது. ஆகவே விண்டோஸ் 11இல் பென்டிரைவைத் திறந்து, ஸ்கேன் செய்து, தேவையான கோப்பை மட்டும் 'வரவு' என்று ஒரு ஃபோல்டரில் போடுங்கள். விர்ச்சுவல்பாக்ஸ் செட்டிங்ஸில் ஷேர்டு ஃபோல்டர்ஸ் பகுதியில் அந்த ஃபோல்டரைச் சேர்த்து, 'ரீட் ஒன்லி', 'ஆட்டோ மவுண்ட்' இரண்டையும் டிக் செய்யுங்கள். முடிந்த வேலையை வெளியே அனுப்ப 'செலவு' என்று இன்னொரு ஃபோல்டர், அதற்கு 'ரீட் ஒன்லி' வேண்டாம். இதற்கு மட்டும் எக்ஸ்பிக்குள் கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற, விர்ச்சுவல்பாக்ஸோடு வரும் துணைத் தொகுப்பை நிறுவியிருக்க வேண்டும். யூஎஸ்பி வராததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதைத் திரும்பத் திரும்ப நிறுவிக் காசு வாங்குவது இன்னொரு வித்தை.

இப்படிச் செய்தால் எக்ஸ்ஃபேட் தொல்லையும் போகும். எக்ஸ்பியின் நெட்வொர்க் அடாப்டரையும் செட்டிங்ஸில் எடுத்துவிடலாம். ஷேர்டு ஃபோல்டர் நெட்வொர்க் வழியாகப் போவதில்லை, அதனால் வெட்டினாலும் வேலை செய்யும்.

லாக் சங்கதி வேறு. பென்டிரைவுக்கு டிரைவர் வேண்டாம் என்றேன், லாக்குக்கு வேண்டும். அதை எங்கே, எந்த வரிசையில் போடுவது என்பதில்தான் முக்கால்வாசிப் பேர் தவறுகிறார்கள். லாக்கின் டிரைவர் எக்ஸ்பிக்குள் மட்டும் இருக்க வேண்டும். விண்டோஸ் 11இல் போட்டால் அந்தப் பக்கமும் லாக்கைப் பிடித்து இழுக்கும். போதாததற்கு விண்டோஸ் 11இன் 'மெமரி இன்டக்ரிட்டி' என்ற பாதுகாப்பு வசதி பழைய லாக் டிரைவர்களைத் தடுத்து எச்சரிக்கையாகக் கத்தும். அதை அணைக்கச் சொல்பவரின் பேச்சைக் கேட்காதீர்கள். வெளியே ஏற்கெனவே போட்டிருந்தால் நீக்குங்கள்.

லாக்கைக் கழற்றி வைத்துவிட்டு, எக்ஸ்பிக்குள் மென்பொருளோடு வந்த சிடியிலிருந்து டிரைவரை நிறுவுங்கள். எக்ஸ்பியை ஷட் டவுன் செய்யுங்கள். இப்போது லாக்கைக் கம்ப்யூட்டரின் பின்பக்கத் துளையில் செருகுங்கள். செட்டிங்ஸில் யூஎஸ்பி பகுதியில் வலது ஓரம் பச்சைக் கூட்டல் குறியோடு ஒரு சின்னம் இருக்கும். அதை அழுத்தினால் செருகியுள்ளவற்றின் பெயர்கள் வரும், லாக்கைத் தேர்ந்தெடுங்கள். இதற்கு ஃபில்டர் என்று பெயர். எக்ஸ்பி திறக்கும்போதெல்லாம் லாக் தானாக உள்ளே போகும், தினமும் சொடுக்க வேண்டாம்.

ஃபில்டரைத் திருத்திப் பார்த்தால் வெண்டார் ஐடி, பிராடக்ட் ஐடி என்று நான்கு நான்கு எழுத்தில் இரண்டு கட்டங்கள் நிரம்பியிருக்கும். அவை இரண்டும் போதும். 'போர்ட்' கட்டத்தில் எண் இருந்தால் அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பையன் பெருக்கித் துடைத்துவிட்டு லாக்கைப் பக்கத்துத் துளையில் மாற்றிச் செருகிய அன்று அது வேலை செய்யாது. 'ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது' என்று நீங்கள் எழுதியதில் பாதி சந்தேகம் எனக்கு இங்கேதான். அதே இடத்தில் நீலச் சின்னத்தை அழுத்தினால் எல்லாக் கட்டமும் காலியான ஃபில்டர் ஒன்று சேரும். அதை வைத்துவிட்டால், எக்ஸ்பி ஓடும்போது புதிதாகச் செருகும் பிரிண்டர், மவுஸ், செல்ஃபோன் எல்லாம் எக்ஸ்பிக்குள் பாய்ந்துவிடும். பட்டியலில் அப்படி ஒன்று இருந்தால் நீக்குங்கள்.

மீதிச் சந்தேகம் மின்சாரச் சிக்கனத்தின் மேல். லாக் சும்மா இருப்பதாக நினைத்து விண்டோஸ் 11 அதைத் தூங்க வைக்கும். வெளியே கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், யூஎஸ்பி செட்டிங்ஸ் போய் 'செலக்டிவ் சஸ்பெண்ட்' என்பதை டிஸேபிள் செய்யுங்கள். டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் 'கம்ப்யூட்டர் இதை அணைக்கலாம்' என்ற பொருளில் உள்ள டிக்கையும் எடுங்கள். எக்ஸ்பியை உறக்கத்தில் மூடும் பழக்கத்தையும் விடுங்கள். எழும்பும்போது லாக்கை மறந்துவிடும்.

லாக்கே இல்லாமல் ஓட்டித் தருகிறேன் என்று ஒருவர் வருவார். அவரை வாசலோடு அனுப்புங்கள். லாக்கைப் போல நடிக்கும் அந்தக் கள்ள நிரல், சட்டத்துக்கு விரோதம் என்பதோடு, பெரும்பாலும் கூடவே வைரஸையும் கூட்டி வரும். ஆயிரக்கணக்கில் கொடுத்து உரிமம் வாங்கியவர் லாக்கைக் கையில் வைத்துக்கொண்டு அல்லாடுகிறார், திருட்டுக் காப்பிக்காரர் நிம்மதியாக அடித்துக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கும் தெரியும். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். அதன்பின் தமிழ் எழுத்துகளுக்கான பொதுக் குறியீடான யூனிகோடு பரவலாகி, செல்ஃபோன் வரை போய்விட்டது. லாக் விற்ற நிறுவனங்களில் பல, புதிய விண்டோஸுக்கு டிரைவர் கொடுக்கக்கூட மெனக்கெடவில்லை. அச்சகக்காரர் தலையில்தான் எல்லாம். இருந்தாலும் லாக்கைப் பத்திரமாக வையுங்கள், அது தொலைந்தால் உரிமமும் தொலைந்த மாதிரிதான்.

ஹைப்பர்-வி என்ற மைக்ரோசாஃப்டின் சொந்த விர்ச்சுவல் மெஷின் மென்பொருளுக்கு எக்ஸ்பியை மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று விடுங்கள். அதில் லாக்கை நேரடியாக உள்ளே விடும் வசதி கிடையாது.

கடைசியாக, லாக்கின் உலோக வாயைப் பாருங்கள். குளச்சல், முட்டம் பக்கத்துக் கடைகளில் உப்புக் காற்றும் இரண்டு பருவமழையின் ஈரமும் சேர்ந்து பச்சையோ கறுப்போ படிந்திருக்கும். உங்கள் ஊரிலும் இருக்கலாம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, ஐந்து நிமிடம் உலரவிட்டுச் செருகுங்கள். உப்புத்தாளால் தேய்த்தால் மேல்பூச்சு போய்விடும். கேபினட்டின் முன்பக்கத் துளையும் நீட்டிப்பு கேபிளும் லாக்குக்கு வேண்டாம். இதன் பிறகும் ஒரு நாள் லாக் தெரியாவிட்டால், அதில் உள்ள சின்ன விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் பெரும்பாலும் எக்ஸ்பி அதைப் பார்த்துவிட்டது, கோளாறு எழுத்துரு மென்பொருளில் இருக்கலாம். எரியாவிட்டால் எக்ஸ்பியின் டிவைசஸ் மெனுவில் அதன் பெயருக்கு நேரே டிக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.