எண்ணப் பதிவுக்கு நடுவே அப்பாவைப் பற்றிய கேள்வி ஏன்?

ஆபீஸ் பயத்துக்காகச் சிகிச்சைக்குப் போகும் இடத்தில் திடீரென்று அப்பாவைப் பற்றிக் கேட்கிறாரே, சிகிச்சையாளரை மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்காக இப்போதே மாற்ற வேண்டாம். நான்கு வாரம் எண்ணங்களைக் குறித்துவரச் சொன்னவர், ஐந்தாவது வாரம் அப்பாவைப் பற்றிக் கேட்டதாலேயே அவருக்கு வழி தெரியவில்லை என்று ஆகாது.

உங்கள் நோட்டில் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்திருக்கலாம். மேனேஜர் கூப்பிட்டாலே 'திட்டத்தான் போகிறார்' என்று தோன்றுவதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணம் சரிதானா என்று சிபிடி, அதாவது எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை முறை, சோதிக்கும். அது எங்கே பழகியது என்று, சிறுவயது அனுபவங்களில் வேரைத் தேடும் உளப்பகுப்பாய்வு மரபு கேட்கும். உளப்பகுப்பாய்வையும், சிபிடிக்கு முன்னோடியான நடத்தை சிகிச்சையையும் இணைப்பது பற்றி அமெரிக்க உளவியலாளர் பால் வாக்டெல் 1977இலேயே விரிவாக எழுதிவிட்டார். பழைய பயம் நம்மை ஒதுங்க வைக்கிறது, ஒதுங்குவதாலேயே பயம் அப்படியே நிற்கிறது. அதனால் அப்பாவைப் பற்றிப் பேசினால் மட்டும் போதாது, மேனேஜர் அறைக் கதவைத் தட்டியும் பார்க்க வேண்டும்.

அடுத்த முறை நேராகவே கேளுங்கள்: "இந்தக் கேள்வி என் ஆபீஸ் பயத்துக்கு எப்படி உதவும்?" உங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால் சரி, தொடருங்கள். வாரம் ஒரு புது முறை, காரணம் கேட்டால் மழுப்பல் என்றால், அப்புறம் வேறு ஒருவரைப் பாருங்கள்.

பழையதைப் பேசிய பிறகு உயிரை விடும் எண்ணம் வந்தால் மட்டும் அடுத்த அமர்வு வரை காத்திருக்காதீர்கள். அன்றே சிகிச்சையாளரிடமோ மனநல மருத்துவரிடமோ சொல்லுங்கள்; இந்தியாவில் இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் எந்த நேரமும் எடுப்பார்கள்.