தினமும் ஏ9இல் ஓடும் சிவிக்குக்கு டிராக் ரயர்

வேலைக்குப் போகும் சிவிக் காரையே டிராக் (நேர்கோட்டு வேகப்) போட்டிக்கும் ஓட்ட எந்த ரயர் போடலாம் என்று கேட்டீர்கள். ஸ்லிக், அதாவது தவாளிப்பே இல்லாத போட்டி ரயர், வேண்டவே வேண்டாம். கிளிநொச்சி–வவுனியா வேலைக்கும் போட்டிக்கும் ஒரே சோடிதான் என்றால், 200 ட்ரெட்வெயார் (தேய்மான எண்; குறைந்தால் ரப்பர் மென்மை) போட்ட வீதி ரயரே சரி. இரண்டாவது சோடி ரிம் வாங்க வசதியிருந்தால், அதில் டிராக் ரேடியல் (டிராக் போட்டிக்கான மென்ரப்பர் ரயர்) பூட்டி வைத்துப் போட்டியன்று மட்டும் மாற்றுங்கள்.

மாரிதான் பிரச்சினை. டிராக் ரேடியலில் தவாளிப்பு மிகக் குறைவு. கார்த்திகை மழையில் வீதியில் தண்ணீர் நின்றால் கார் மிதக்கும். முறிகண்டிப் பக்கம் இருட்டில் மாடு படுத்திருந்தால் அப்புறம் பிரேக் இருந்தும் இல்லாத கதைதான்.

எடுக்கும்போது முன்சில்லு சும்மா சுழலுகிறது என்கிறீர்கள். அது ரப்பர் இறுகியதாலும் வரலாம். பக்கச் சுவரில் டொட் (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி 4 இலக்கங்களைப் பாருங்கள்: 2317 என்றால் 2017இன் 23ஆம் வாரம். தவாளிப்பு ஆழமாகத் தெரிந்தாலும் இத்தனை வருட வெயிலில் ரப்பர் கல்லாகியிருக்கும்.

அடுத்தது காற்று. போட்டி இடத்தில் முன்சில்லுகளில் 2 பி.எஸ்.ஐ. படி குறைத்து, தரையில் விழும் கறுப்புத் தடத்தைப் பாருங்கள். நடு மட்டும் கறுத்தால் காற்று அதிகம்; இரு ஓரமும் கறுத்தால் குறைவு. வீடு திரும்ப முன் கதவு ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு அடித்துவிடுங்கள்.

ஒன்று, உங்கள் வீட்டு ஒழுங்கை கிறவல் என்றால் மென்ரப்பரில் கல் குத்தும். 200 வாங்கினாலும் அது கெதியாகத் தேயும்.