பழைய வண்டிப்பாதைக் கல் தொட்டியையும் கிணற்றையும் எப்படிச் சீர்செய்வது?

கேள்வி: சிவகங்கை மாவட்டத்தில் எங்கள் ஊர் வண்டிப்பாதையோரம் ஒரு கல் தொட்டி, பாதி தூர்ந்த கிணறு, இடுப்பளவு கல் தூண் ஆகியவை இருக்கின்றன. சந்தைக்கு மாடு ஓட்டிப் போனவர்களுக்காகக் கட்டியது என்கிறார்கள். இப்போது ஊர் ஊராக ஆடு மேய்த்துப் போகும் கீதாரிகளின் ஆடுகள்தான் இந்த வழியாக வருகின்றன. இளைஞர்கள் சேர்ந்து சீர்செய்ய நினைக்கிறோம். உள்ளே சிமெண்ட் பூசிவிடலாமா?

பதில்: சிமெண்ட் வேண்டவே வேண்டாம். நீங்கள் சொல்லும் மூன்றும் சேர்ந்து ஒரே ஏற்பாடு. கிணற்றில் இறைத்த தண்ணீர் தொட்டிக்குப் போகும். குடித்த மாடு தினவு தீர உடம்பை உரசிக்கொள்ளத்தான் அந்தத் தூண். அதன் பெயர் ஆவுரிஞ்சு கல். தண்ணீர்ப் பந்தலைப் போலவே இதை நடுவதும் 32 அறங்களில் ஒன்று. கிணற்றுக்கும் தொட்டிக்கும் நடுவே நீர் ஓடிய கல் வாய்க்கால் மண்ணுக்குள் கிடக்கலாம். கடப்பாரை போடாமல், மண்வெட்டியால் மெல்ல வழித்துப் பாருங்கள். பக்கத்தில் சுமைதாங்கிக் கல் இருந்தால் அதுவும் இந்த ஏற்பாட்டைச் சேர்ந்ததாக இருக்கலாம்.

வழிப்போக்கர்களுக்கான ஏற்பாடுகள் நம்மிடம் மிகப் பழையவை. தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல், நாவற்தாவளத்துக்கு 29 காதம் என்கிறது; எழுத்தறியாதவரும் புரிந்துகொள்ளும்படி பத்துக்கு ஒன்றாக 2 பெரிய குழிகளும் ஒன்றுக்கு ஒன்றாக 9 சிறிய குழிகளும் அதில் வெட்டியிருக்கிறார்கள். தாவளம் என்றால் பொதிமாட்டு வணிகர்கள் தங்கும் இடம். 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளின் சாலைகளும் சத்திரங்களும் இன்றும் பேசப்படுகின்றன. ஆனால் சிற்றூர்ப் பாதைகளில் கிணறு வெட்டித் தொட்டி வைத்தவர்கள் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்களே. உங்கள் தொட்டியின் பக்கவாட்டில் கொடுத்தவர் பெயர் இருக்கிறதா என்று இருட்டிய பிறகு டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். எழுத்து தெரிந்தால் கம்பி பிரஷ், ஆசிட், பெயிண்ட் எதுவும் படக்கூடாது. படம் எடுத்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.

வேலையில் இறங்குமுன் கிராம நிர்வாக அலுவலரிடம் நில விவரம் உள்ள 'அ' பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பாருங்கள். வண்டிப்பாதைப் புறம்போக்கு என்றிருந்தால் ஊராட்சியிலும் வருவாய்த் துறையிலும் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள்.

உயிருக்கு ஆபத்து கிணற்றுக்குள்தான். இலைதழை மக்கிய பழைய கிணற்றில் பிராணவாயு குறைந்திருக்கும். நச்சு வாயுவும் தங்கியிருக்கலாம். விளக்கை இறக்கிப் பார்த்தால் போதும் என்பார்கள், போதாது: சில நச்சு வாயுக்கள் இருந்தாலும் விளக்கு அணையாது. வாயு அளக்கும் கருவி வைத்திருப்பவரை அழையுங்கள். புளோயரால் காற்று செலுத்திக்கொண்டே, இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஆள் நிறுத்தி இறங்க வேண்டும். டீசல் பம்பைக் கிணற்றுக்குள் இறக்கவே கூடாது, அதன் புகையே ஆளைக் கொல்லும்.

தண்ணீரை ஒரே மூச்சில் இறைக்காதீர்கள். சுவருக்குப் பின்னால் ஊறிய மண்ணின் அழுத்தம், உள்ளே தண்ணீர் சட்டென்று இறங்கினால் கல்லைத் தள்ளிவிடும். நாளுக்கு 2, 3 அடியாக இறக்குங்கள். சிமெண்ட் வேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம்: ஊற்று வருவது கல் இடுக்குகள் வழியாக. அதை அடைத்தால் ஊற்றும் குறையும், பின்னால் தேங்கிய நீர் பூச்சோடு சுவரையும் பெயர்க்கும். மேல்வரிசைகளுக்கு மட்டும் 1 பங்கு சுண்ணாம்பு, 2 பங்கு மணல் சாந்து போடுங்கள். கைப்பிடிச் சுவர்க் கல்லில் விரல் ஆழத்துக்குக் கயிறு அறுத்த தடங்கள் இருக்கும். அதைக் கொத்திச் சமன்செய்துவிடாதீர்கள். எத்தனை கைகள் இறைத்தன என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி.

தொட்டி விரிசலுக்கு 1 பங்கு சுண்ணாம்பு, 2 பங்கு செங்கல் தூள் கலந்து அடையுங்கள். செங்கல் தூள் சேர்ந்த சாந்து ஈரத்திலும் இறுகும். 2 வாரம் ஈரச் சாக்கு போர்த்தி வையுங்கள். அவசரப்பட்டால் வெயிலில் காய்ந்து உதிர்ந்துவிடும். அடியில் வடிகால் துளை இருந்தால் மூடிவிடாமல் மரக்கட்டை அடைப்பு செய்யுங்கள். பாசி கழுவ அது வேண்டும். தொட்டியைச் சுற்றி 6 அடிக்குக் கல் பாவி, வாட்டம் கிணற்றுக்கு எதிர்ப்பக்கம் போகட்டும். இல்லாவிட்டால் குளம்பு பட்டுச் சேறாகி, சாணமும் மூத்திரமும் கிணற்றில் இறங்கும்.

கிணற்று நீரைக் கிருமிநீக்க 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் போதும். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். மனிதர் குடிப்பதானால் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதித்த பிறகே.

இனி ஆடுகள். உள்ளளவு 6 அடி நீளம், 2 அடி அகலம், ஒன்றேகால் அடி ஆழம் என்றால் தொட்டியில் சுமார் 425 லிட்டர் நிற்கும். தாகமெடுத்த மாடு ஒரே நிற்பில் 20 லிட்டர் குடிக்கும். ஆக 20 மாட்டுக்கே அது சரி. ஆட்டுக்கு அந்த விளிம்பு உயரம், குட்டிகள் எட்டிப் பார்த்து உள்ளே விழும். வழியும் நீரை வாங்கும்படி 1 அடி உயரத் தொட்டி ஒன்றைத் தனியாக வையுங்கள். கோடையில் ஆட்டுக்கு நாளுக்கு 5 லிட்டர் வைத்தாலும் 300 ஆட்டுக் கிடைக்கு 1,500 லிட்டர் வேண்டும். கீதாரிகளிடம் சொல்லுமுன் கிணற்றின் ஊறலை அளந்துவிடுங்கள்: 8 அடி விட்டக் கிணற்றில் இறைத்து நிறுத்திய ஒரு மணி நேரத்தில் 10 சென்டிமீட்டர் ஏறினால், ஊறுவது ஏறத்தாழ 450 லிட்டர்.