பீட்ரூட் குக்கி ஏன் பழுப்பாகிறது? – கேள்வி பதில்

பள்ளி லீவு விட்டால் போதும், எனக்கு ஒரே மாதிரிக் கேள்விகள்தான் வரும்: பிள்ளைகளை வைத்துக்கொண்டு கலர் கலராகக் குக்கி செய்வது எப்படி? பத்து வருடமாக வீட்டிலிருந்தே கேக், பிஸ்கட் ஆர்டர் எடுத்துச் செய்கிறேன். என் அளவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உப்பில்லாத வெண்ணெய் 100 கிராம், பொடித்த சர்க்கரை 80 கிராம், மைதா 180 கிராம், பால் ஒரு மேசைக்கரண்டி, வெனிலா அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. முட்டை, சோடா, பேக்கிங் பவுடர் எதுவும் கிடையாது. சின்ன அச்சில் வெட்டினால் 25 முதல் 30 வரை வரும்.

ஈரோட்டிலிருந்து: அக்கா, நட்சத்திர அச்சில் வெட்டினேன். ஓவனைத் திறந்தால் எல்லாம் பரந்து வட்டமாகக் கிடக்கிறது. மாவை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தேனே!

வைத்தீர்கள், சரி. வெளியே எடுத்ததும் என்ன செய்தீர்கள்? மாவு கல் மாதிரி இருந்திருக்கும். பிள்ளைகள் கையில் கொடுத்துப் பிசைந்து, தேய்த்து, வெட்டி முடிப்பதற்குள் நம்ம ஊர் வெயிலுக்கு வெண்ணெய் மறுபடி இளகியிருக்கும். வரிசையை மாற்றிப் பாருங்கள். பிசைந்த உடனே, மாவு மெத்தென்று இருக்கும்போதே, இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவில் வைத்து அரை செ.மீ. கனத்துக்குத் தேய்த்துவிடுங்கள். தேய்த்த தகட்டை அப்படியே தட்டோடு ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம் வையுங்கள். அப்புறம் வெட்டினால் நட்சத்திரத்தின் முனை கூர்மையாக நிற்கும். வெட்டியதையும் அடுப்புக்குப் போகும்முன் பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைக்கலாம்.

இன்னொன்று, சர்க்கரை. வெளிநாட்டுக் குறிப்புகளில் சொல்வது மணல் மாதிரி நைஸான சர்க்கரை. நம் கடைச் சர்க்கரை பெரிய பெரிய பரல். அப்படியே போட்டால் சரியாகக் கரையாது, சூட்டில் உருகும்போது மாவையும் இழுத்துக்கொண்டு ஓடும். மிக்ஸியில் பொடித்துச் சலியுங்கள்.

கோவையிலிருந்து: கடைக் கலர் வேண்டாம் என்று பீட்ரூட் சாறு ஊற்றிப் பிசைந்தேன். மாவு அழகான ரோஜா நிறம். வெந்ததும் மண் நிறம். பையன் அழுதே விட்டான். எங்கே தப்பு?

உங்கள் மேல் தப்பே இல்லை. பீட்ரூட்டின் நிறத்துக்குச் சூடு ஆகாது, ஓவனுக்குள் சிதைந்துவிடும். கீரைச் சாறும் அதே கதைதான், பச்சை போய்ப் பாசி நிறமாகும். மஞ்சள் தூள் ஒன்றுதான் தைரியமாக உள்ளே போய் வரும். அதுவும் சோடா சேர்த்த மாவில் குங்குமம் மாதிரிச் சிவந்துவிடும்.

அதனால் என் வழக்கம், குக்கியை வெள்ளையாகச் சுட்டு, நன்றாக ஆறவிட்டு, நிறத்தை மேலே ஐசிங்காகப் போடுவது. பொடித்த சர்க்கரை 100 கிராமுக்கு மூன்று, நான்கு தேக்கரண்டி சாறு போதும். கரண்டியிலிருந்து ரிப்பன் மாதிரி மெதுவாக விழ வேண்டும். பீட்ரூட் சாற்றில் இரண்டு சொட்டு எலுமிச்சை விட்டால் நிறம் நிற்கும்.

நீலத்துக்குச் சங்குப்பூ. பத்துப் பூவின் இதழை மூன்று மேசைக்கரண்டி வெந்நீரில் போட்டு மூடி வையுங்கள், கால் மணியில் மை போல இறங்கும். அதை மூன்று கிண்ணத்தில் பிரித்துப் பிள்ளைகள் முன்னால் வையுங்கள். ஒன்று அப்படியே நீலம். இரண்டாவதில் எலுமிச்சைச் சொட்டு விடச் சொல்லுங்கள், கண்ணெதிரே ஊதாவாக மாறும். மூன்றாவதில் துளி மஞ்சள் தூள் போட்டால் பச்சை. என் சின்னவள் முதல் தடவை எலுமிச்சையை விட்டுவிட்டுக் கிண்ணத்தைத் தூக்கி அடியில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள். அன்றைக்குக் குக்கியை யாரும் கண்டுகொள்ளவே இல்லை.

சேலத்திலிருந்து: கடையில் விற்கும் கலரே கூடாதா?

கூடாது என்று சொல்ல மாட்டேன். இந்தியாவில் அனுமதி பெற்ற செயற்கை நிறங்கள் உண்டு, அவற்றுக்கும் அளவுக் கட்டுப்பாடு உண்டு. பெயரும் உரிம எண்ணும் அச்சிட்ட சின்ன ஜெல் பாட்டில் வாங்கினால், பல்குத்தி நுனியில் தொட்ட அளவே போதும். பொட்டலத்தில் பெயர் இல்லாமல் வரும் பொடி வேண்டவே வேண்டாம். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாயைத் தடை செய்தது நினைவிருக்கும். அதில் அகப்பட்ட ரோடமின்-பி துணிக்குப் போடும் சாயம். ஐரோப்பாவில் 2010 ஜூலை முதல், டார்ட்ராசின் என்ற மஞ்சள் சாயம் உட்பட ஆறு நிறங்கள் சேர்த்த பண்டத்தில் ‘குழந்தைகளின் கவனத்தையும் நடத்தையையும் பாதிக்கலாம்’ என்று எழுத வேண்டும். அந்த டார்ட்ராசின் இங்கே அனுமதி உள்ள நிறம்தான். எனவே அளவு உங்கள் கையில்.

யாழ்ப்பாணத்திலிருந்து: நீங்கள் மைதா என்கிறீர்கள். எங்கட கோதுமை மா சரிவருமா?

தாராளமாக. நீங்கள் கோதுமை மா என்பதும் நாங்கள் மைதா என்பதும் ஒன்றுதான். நாங்கள் கோதுமை மாவு என்றால் உங்கள் ஆட்டா மா. அதில் செய்யவே ஆசையென்றால் பாதிக்குப் பாதி போடுங்கள், பால் ஒரு தேக்கரண்டி கூடுதலாகக் கேட்கும். முழுக்க ஆட்டா போட்டால் நிறம் எடுபடாது. சத்துக்கு வேறு பலகாரம் இருக்கிறது, குக்கியை விட்டுவிடுங்கள்.

விருதுநகரிலிருந்து: ஓவன் இல்லை. குக்கரில் முடியுமா?

முடியும். பழைய கனமான குக்கராக எடுங்கள், புதியது பாழாகும். அடியில் ஒரு விரற்கடை உப்பு, மேலே ஒரு ஸ்டாண்ட். கேஸ்கட்டும் வெயிட்டும் கழற்றிவிட வேண்டும், மறக்காதீர்கள். பத்து நிமிடம் சூடேற்றி, ஐந்தாறு குக்கி வைத்த தட்டை உள்ளே இறக்கிச் சின்னத் தீயில் 15 முதல் 20 நிமிடம். ஓவன் என்றால் 170 டிகிரியில் 10, 12 நிமிடம். ஓரம் லேசாகப் பொன்னிறம் தொட்டதும் எடுத்துவிடுங்கள். தொட்டால் மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால் இறுகும்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு தாத்தா: பேரன் 7 வயது, பேத்தி 3 வயது. ஒரே அச்சுக்கு இருவரும் சண்டை. நான் என்ன செய்ய?

ஐயா, அச்சைப் பேரனிடமே விட்டுவிடுங்கள், தராசையும் கொடுங்கள். ஏழு வயதுக்கு 180 கிராம் சரியாக நிறுத்துவது பெரிய கௌரவம். பேத்திக்குத் தனி உத்தியோகம். ஜிப் வைத்த பையில் நாலு கரண்டி பரல் சர்க்கரை, இரண்டு சொட்டுக் கலர், மூடிக் கையில் கொடுங்கள். குலுக்கட்டும், கசக்கட்டும், மேலே ஏறி உட்காரட்டும், நிறம் சமமாகப் பிடித்துவிடும். தட்டில் கொட்டி ஒரு மணி நேரம் உலர்த்தினால் மேலே தூவும் வண்ணச் சர்க்கரை தயார். நம் பரல் சர்க்கரை இந்த ஒரு வேலைக்குத்தான் சரி.

மதுரையிலிருந்து: மகள் வேகாத மாவை வழித்துத் தின்கிறாள். முட்டைதான் இல்லையே, பரவாயில்லையா?

பரவாயில்லை என்று நானும் நினைத்திருந்தவள்தான். முட்டை மட்டும் அல்ல, வேகாத மாவிலும் கிருமி இருக்கலாம். 2016இல் அமெரிக்காவில் வேகாத மாவால் பலருக்கு ஈ-கோலை தொற்று வந்து, மாவுப் பைகளைத் திரும்பப் பெற்றார்கள். வழிக்க ஐசிங் கிண்ணத்தைக் கொடுத்துவிடுங்கள்.

சென்னையிலிருந்து: எத்தனை நாள் வைக்கலாம்?

ஐசிங் போடாதது காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில் பத்து நாள். சாறு கலந்த ஐசிங் போட்டால் இரண்டு நாளில் முடித்துவிடுங்கள். மழைக்காலத்தில் வெறும் குக்கி நமுத்துப் போனால் 150 டிகிரியில் ஐந்து நிமிடம் காட்டினால் மறுபடி மொறுமொறுப்பாகும். எறும்புக்கு, பாட்டி காலத்து வழிதான்: தண்ணீர்த் தட்டின் நடுவே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, டப்பாவை அதன்மேல் வையுங்கள்.